பொட்டலத்து ஆரஞ்சு

பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. தண்ணீர் லாரி வந்ததும் அதிலேயே ஏறி ஓவாயே நகரத்துக்குப் போய்விடுவது, தங்கை வீட்டில் இருந்துகொள்வது, இனி இந்தக் கடற்கரைக்குத் திரும்புவதில்லை.

நேற்றே பெலார்மினோவிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து மலைக்குப் போய்விட்டான்.

மலையில் அவன் வலை இருக்கிறது.

கடற்பாசி அள்ளிக் காயப்போட்டு விற்கிறவன், கடலிலிருந்து ஏறி வருகிற மூடுபனியை வலை கட்டிப் பிடித்துத் தண்ணீராக்கப் போகிறானாம். வடக்குச் சிலியில், மழை என்பது பேச்சுக்குத்தான் என்றிருக்கிற கரையில். கம்பம் நட்டான், வலை கட்டினான், காற்று கிழித்தது, தைத்தான், மறுபடி கிழித்தது. நான் போர்வை பின்ன வைத்திருந்த சிவப்பு நூல்கூட அதற்குத்தான் போயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் அவனுக்குப் பனிக்காரன் என்று பேர். நான் பனிக்காரன் பெண்டாட்டி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தத் தண்ணீரைத்தான் முடியவில்லை.

லாரியில் வரும், பீப்பாயில் கிடக்கும், உப்பும் துருவுமாக. அந்த ருசியை மறைக்கத்தான் பட்டை வாசம் போட்ட தேயிலை வாங்குவேன். கடையில் இருப்பதிலேயே மலிவு. குச்சியும் தூளுமாக இருக்கும். பொட்டலத்தின் மேல் பாதியாக வெட்டின ஆரஞ்சு ஒன்றின் படம். படத்துக்கென்ன, எதை வேண்டுமானாலும் போடுவார்கள்.

பெலார்மினோ மலையிலிருந்து வந்தான். கல்யாணம் கருமாதிக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். தோளில் சுருட்டிக் கொண்டுவந்த எதையோ வாசலில் போட்டான். என்னவென்று நான் பார்க்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. கையில் ஒரு கேன், அதில் பாதிக்குத் தண்ணீர்.

"வலையிலே இறங்கினது. போறதுக்கு முன்னாடி ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ, கிழவி."

"இத்தனை நாளா வராதது, நான் கிளம்புற அன்னிக்குத்தான் வந்துதாக்கும்."

சொன்னேனே ஒழிய, கெண்டியை அடுப்பில் வைத்தேன். பொட்டலத்தின் அடியில் கிடந்ததைத் தட்டிப் போட்டேன். வைத்துவிட்டுப் போய் யாருக்கு ஆகப்போகிறது.

இரண்டு கோப்பையிலும் ஊற்றினால், சிவப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டு டீ கறுப்பு. மேலே பாசி மாதிரி ஒன்று மிதக்கும், ஸ்பூனால் ஒதுக்கிவிட்டுக் குடிப்போம். இதில் ஒன்றும் மிதக்கவில்லை. கோப்பையின் அடி தெரிந்தது. அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

ஒரு வாய் குடித்தேன்.

முதலில் பட்டை வந்தது, தொண்டையில் இதமான காரமாக. பிறகு தேயிலை, லேசான துவர்ப்போடு. எல்லாம் முடிந்தது என்று கோப்பையை இறக்கும்போது, நாக்கின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோல்.

ஆரஞ்சு. படத்தில் இருந்த அதே ஆரஞ்சு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே டீயைத்தான் குடிக்கிறேன். அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"தேயிலையை மாத்தினியா?"

"அதே பொட்டலந்தான். நீதானே போட்டே."

வெளியே பார்த்தேன். மலைமேல் பனி இன்னும் படிந்திருந்தது. துணி காயவிடாது என்று நான் தினமும் திட்டித் தீர்க்கிற பனி. அதைத்தான் இப்போது குடித்துக்கொண்டிருக்கிறேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பெலார்மினோ என் முகத்தையே பார்த்தான். "நல்லாருக்கில்லே," என்றான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

லாரி வந்து நின்றது. டிரைவர் நொலாஸ்கோ இறங்கி வந்து, என் பெட்டியைத் தூக்கி லாரியின் முன்சீட்டில் வைத்தான். திரும்பி வந்து வாசலில் குனிந்தான்.

"இந்த வலையையும் ஏத்தணுமா, அண்ணே?"

"ஏத்து," என்றான் பெலார்மினோ. "அவ தங்கச்சி வீட்டுலே கோழிக்கு அடைப்புக் கட்ட ஆகும்."

அப்போதுதான் அந்தச் சுருளைப் பார்த்தேன். கறுப்பு வலை. அதில் என் சிவப்பு நூல் தையல்கள். இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல சட்டை எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது.

என்னோடு வரத்தான் வலையை அவிழ்க்கப் போயிருக்கிறான். போன இடத்தில் கேனில் தண்ணீர் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். பார்த்த பிறகும் அவிழ்த்திருக்கிறான்.

"பெட்டியை இறக்கு, நொலாஸ்கோ," என்றேன். "வலையை மட்டும் மலையடி வரைக்கும் வண்டியிலே கொண்டாந்து கொடு. நாங்களும் ஏறிக்கிறோம்."

நொலாஸ்கோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பெலார்மினோ தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் நொலாஸ்கோ தன் வேலையைப் பார்க்கலாம் என்று குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"அப்போ பீப்பாயிலே தண்ணி ஊத்தவா, வேண்டாமா, அக்கா?"

"ஊத்து," என்றேன். "பாத்திரம் கழுவ வேணுமில்லே."