வீமன் மச்சம் தொடான்

"அருளம்பலம் அண்ணை, கோவிக்காமல் சொல்லுங்கோ. உங்கடை சைவ நாயின்ரை வாய் ஏன் மீன் மணக்குது?"

வாசிகசாலை வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. கேட்டவள் மகாதேவி.

அருளம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாயின்ரை வாய்க்குள்ளை உனக்கென்ன வேலை, மகாதேவி?"

சிரிப்பு எழும்பியது. மறுநாள் பிள்ளையார் கோயில் பொதுக்கூட்டம். தலைவராக வருபவர் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. போட்டிக்கு நின்றவர் மகாதேவியின் புருசன் கதிரவேலு. அவர் போன கந்தசஷ்டியோடுதான் மீன்சட்டியை உடைத்தவர். அருளம்பலமோ பரம்பரைச் சைவம். வீட்டு நாய் வீமன்கூட மச்சம் தொடான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவரேதான்.

"வைரவற்றை வாகனத்தைச் சந்தேகப்படாதை" என்றார்.

"வாகனம் என்ன தின்னுதெண்டு பாப்பம்." மகாதேவி வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தாள். தங்கச்சி வீட்டில் பொரித்த சூடை மீன். "தொடாட்டி என்ரை மனுசன் போட்டியிலை நிக்கமாட்டார். திண்டால்?"

"திண்டால் நான் நிக்கேல்லை." வாய் முந்திவிட்டது. சால்வையால் வேர்வையைத் துடைத்தார்.

வாலாட்டிக்கொண்டு வந்தான் வீமன். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் சுடவரும் ஹெலியின் சத்தம். மற்ற நாளென்றால் பங்கர்க் குழிக்குள் விழுந்தடித்துப் பாயும் சனம், அன்றைக்கு ஓரடி அசையவில்லை. ஹெலி எப்பவும் வரும். இப்படியொரு வழக்கு எப்ப வரும்?

வீமன் சூடையை மோந்தான். அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். வீமன் இன்னொருதரம் மோந்தான். மகாதேவியை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், கிடுகு வேலியில் காலைத் தூக்கினான்.

"அரோகரா!"

யாரோ ஓடிவந்து வீமனின் நெற்றியில் திருநீறு பூசினார்கள். கதிரவேலுவே வந்து, "அண்ணை, உங்கடை நாயின்ரை பத்தியம் எனக்கு வராது" என்று கும்பிட்டார். மகாதேவி சூடையை இலையோடு சுருட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் போட்டியில்லாமலே அருளம்பலம் தலைவர். அவர் கழுத்தில் பெரிய மாலை, வீமன் கழுத்தில் சின்ன மாலை. கதை சாவகச்சேரிச் சந்தை வரைக்கும் போய், அங்கே ஒருத்தி, "நாயே மச்சத்தை விட்டிட்டுது, உங்களுக்கென்ன?" என்று கேட்டுக் கேட்டே கத்தரிக்காயை விற்றுத் தீர்த்தாளாம்.

அன்று பின்னேரம் புதுத் தலைவர் கொழும்புத்துறைப் பக்கம் சைக்கிள் மிதித்தார். பின்னால் வீமன். கரையோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பழைய சிநேகிதன் சந்தியோகுவிடம் நடந்ததையெல்லாம் ஒப்புவித்தார்.

"மானம் போச்செண்டுதான் நினைச்சன், சந்தியோகு. ஏன் இவன் தொடேல்லை?"

சந்தியோகு விழுந்து விழுந்து சிரித்தார். "கறண்டுமில்லை, ஐஸுமில்லை. அது எந்தக் காலத்துச் சூடையோ! என்ரை கையாலை துடிக்கத் துடிக்க மீன் திண்டு வளந்தவன் அதைத் தொடுவானே?"

சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்தவர், வழமைபோல விளைமீனின் தலையை வீமனின் சிரட்டையிலும் நடுத்துண்டைத் தலைவரின் கோப்பையிலும் வைத்தார்.