பதில் வராத பகுதி

விழுந்த விமானத்தின் துணை விமானி வித்யா. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் அவள் பேசிய பதிவை வெளியிடும் முன், விசாரணை அதிகாரி அவள் கணவன் சேந்தனை அழைத்துக் கேட்கவைத்தார். பதிவில் வித்யா, வழக்கம்போல் லேசாகச் செருமிவிட்டு, மழைமேகத்தைச் சுற்றிப் போக அனுமதி கேட்டாள். கிடைத்ததும் நன்றி சொன்னாள். அத்தோடு அவள் குரல் முடிந்தது. அதிகாரி பதிவை நிறுத்தினார்.

“இதுக்கு மேல கோபுரத்துக்காரர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறதுதான் தம்பி. பதில் கிடையாது. டிவிக்காரங்க அதையே போட்டுப் போட்டு உங்க உசிர எடுப்பாங்க. நீங்க சரின்னா வெளியிடுற பதிவுல அந்தப் பகுதிய அழிச்சிடலாம்.”

“போடுங்க சார்.”

முன்பின் தெரியாத ஒருவர் விமானத்தின் எண்ணைச் சொல்லி அழைத்தார். காத்திருந்தார். மறுபடி அழைத்தார். முதலில் அலுவலகக் குரலாகத்தான் இருந்தது. போகப்போக, இருட்டியும் வீடு திரும்பாத பிள்ளையைத் தெருமுனையில் நின்று கூப்பிடும் குரலாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சேந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“போதும் தம்பி” என்று அதிகாரி பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

சேந்தன் அந்தக் கையைப் பற்றிக்கொண்டான்.

“அழிக்காதீங்க சார். இவர் ஒருத்தர்தான் அவள இன்னும் கூப்பிடுறாரு.”