முன்னோர் இல்லாத கைப்பிடி

“இதை எதைப் பாத்து செஞ்சே, அம்மணி?” என்று வடிவச் சான்று அதிகாரி கேட்டார்.

செண்பகவல்லி மேசைமேல் இருந்த தன் உலோகக் குவளையைப் பார்த்தாள். எந்தக் கலை மரபிலிருந்து பிறந்தது என்று தெரியாத பொருளை உருக்கிவிடுவது சட்டம். ஆலை விபத்தில் விரல் மடங்காமல் போன கணவன் தானாகத் தண்ணீர் குடிப்பது இந்த ஒரு குவளையில்தான்.

“எங்க வீட்டுக்காரர் கையப் பாத்துத்தானுங்க.”

“கையெல்லாம் ஒரு மரபாக்கும்!” என்று சிரித்தபடி அவர் குவளையை இயந்திரத்தில் வைத்தார்.

அடிப்பாகம் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி மரபு, விளிம்பு ஆர்ட் டெக்கோ என்ற ஐரோப்பிய அலங்கார மரபு என்றது இயந்திரம். கைப்பிடிக்கு வந்ததும் ஐயாயிரம் ஆண்டுப் பாத்திரங்கள் திரையில் வெள்ளமாய் ஓடின, எதிலும் நிற்கவில்லை.

“முன்னோர் இல்லை. இதுவே முதல்” என்றது இயந்திரம்.

அதிகாரி எழுந்துவிட்டார். உலைக்குப் போகவேண்டிய குவளையை இரு கையாலும் எடுத்து அவளிடமே கொடுத்தார். பிறகு வெளியே நடந்தார்.