இரை தேடப் போன மகன்

பத்து வருஷத்துக்கு ஒருமுறை பறவைகளை எண்ணுவது மைனாவின் வேலை. இந்த முறையும் ஏரிக்கரை நாரையம்மாவின் கூட்டில் அவள் மட்டுமே இருந்தாள்.

"மகனையும் சேர்த்துக்கோ தம்பி. இரை தேடப் போயிருக்கான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

நாரையம்மா பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அலகால் ஒழுங்குபடுத்தினாள். ஊரில் இல்லாதவரை எண்ணக் கூடாது என்று தெரிந்தும், மைனா இரண்டு என்று எண்ணிக்கொண்டது.

மனசு உறுத்த, அடுத்து அது தொலைவிலிருந்த உப்பளத்துக்குப் பறந்தது. அங்கே அந்த மகன் தன் மூன்று குஞ்சுகளுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தான். மைனாவைக் கண்டதும் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"பிள்ளைங்களை மட்டும் எண்ணிக்கோங்க. நான் இந்த ஊர் இல்லை. மழை வந்ததும் ஏரிக்குப் போயிடுவேன்."

"தெரியும்," என்றது மைனா. "உங்களை அங்கேயே எண்ணியாச்சு."