திரும்பி வந்த நீலம்

மின்சாரம் பாய்ந்ததும் கண்ணாடிக் கலத்திலிருந்த நீலக் கரைசல் மெல்ல வெளுத்து மஞ்சள் பச்சையாகிவிட்டது. ஆய்வு மாணவி ஜெபக்கனி குனிந்து கலத்தை உற்றுப் பார்த்தாள். கோபால்ட்டை நடுவில் வைத்து அவள் உருவாக்கிய தாலோசயனின் என்ற நீலச் சாயங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான், நீலம் திரும்பாமலே, சிதைந்து போயிருந்தன. மின்சாரத்தைத் தாங்கட்டும் என்று இம்முறை மூலக்கூறின் விளிம்பில் புதிய கிளைகளை ஒட்டியிருந்தாள். இதுவும் தோற்றால் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும்.

"செத்துப்போச்சு கனி. கொட்டிட்டு வா, வேற தலைப்பப் பேசுவோம்" என்றார் நெறியாளர் தர்மாம்பாள்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். இன்னும் திருப்பிப் போட்டுப் பாக்கல."

மின்னழுத்தத்தைத் திருப்பினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரைசலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் பிளாட்டின வலையின் ஓரத்தில் இழை போல நீலம் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படர்ந்து கலத்தையே நிறைத்தது. திரையில் நீலத்தின் அளவைக் காட்டும், தரையோடு கிடந்த நிறமாலைக் கோடு எழுந்து, ஏறி, மின்சாரம் பாயும் முன்பிருந்த பழைய சிகரத்தின் மேலேயே அச்சாகப் போய் உட்கார்ந்தது. மூலக்கூறு உடையவே இல்லை. "மேடம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

தர்மாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த நீலத்தையே பார்த்தார்.

"தள்ளு கனி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தத் தடவை கரண்ட்ட நான் போடுறேன்."