கடைசிப் பாய்

முதல் பாட்டு ஆளுக்கொரு சுருதியில் போனது. நான்கு மாதம் சேர்ந்து பாடாத தொண்டைகள். போதகரும் கண்டுகொள்ளவில்லை.

ஜனவரியில் தெருவில் பெரியம்மை பரவி, அடுத்தடுத்து ஐந்து பேர் போனதும் சர்ச்சுக்குப் பூட்டுப் போட்டவர் அவர்தான். இன்று காலை பூட்டைத் திறந்து, மணியடித்து, வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உள்ளே அழைத்தவரும் அவர்தான்.

காந்தா பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பாய் காலி. அதற்கும் பின்னால், செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டிய கடைசிப் பாயில் ஜீவரத்தினம் தனியாக.

அங்கே போய் உட்காரச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. முன்னால் வரச்சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

அவள் புருஷன் யேசுதாஸ்தான் தெருவுக்குள் அம்மையைக் கொண்டுவந்தான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பட்டு நூல் வாங்க பெங்களூர் போய்வந்தவன் அவன். முதலில் படுத்தவன், முதலில் போனவன். வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஜீவரத்தினம் பிழைத்துக்கொண்டாள். முகமெல்லாம் தழும்பு.

காந்தா வீட்டுப் பக்கம் அம்மை எட்டிப் பார்க்கவில்லை என்றார்கள். ஆறு வயது மகள் எஸ்தரை, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு திருப்புட்குழியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அதனால் அவளுக்குத் தெருவில் கெட்டிக்காரி என்று பேர். இன்றும் வாசலில் மூன்று பேர் எஸ்தரைக் கேட்டார்கள். வெயில் தணியட்டும் என்று மூன்று பேரிடமும் சொல்லிவைத்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எஸ்தர்தான் தேவதூதன். தறியில் மிஞ்சிய சரிகையை அட்டையில் ஒட்டி இறக்கை செய்து கொடுத்தவன் யேசுதாஸ். நாடகம் முடிந்ததும் சுருண்டு தூங்கிப்போனவளை, இறக்கையோடு தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை வந்து விட்டுப் போனவனும் அவன்தான்.

"ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுங்கள்" என்றார் போதகர்.

அது பீடத்தருகே புறப்படும். ஒருவர் அடுத்தவரின் கைகளைத் தன் இரு கைகளுக்குள் பொத்திப் பிடிப்பார். வாங்கியவர் திரும்பி அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். யாரும் பேசக் கூடாது. கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆராதனை மேலே நடக்கும்.

இன்று கைகள் பட்டும் படாமலும் தொட்டு விலகின. ஒப்புக்கு வாங்கி, வந்த வேகத்தில் தள்ளிவிட்டார்கள். அப்படியே காந்தாவிடம் வந்து நின்றது.

அடுத்தது ஜீவரத்தினம்.

காந்தா அசையவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். போதகர் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ஜீவரத்தினம் கையை நீட்டவில்லை. நீட்டி ஏமாற வேண்டாம் என்று மடியிலேயே வைத்திருந்தாள்.

காந்தாவுக்குப் பயம்தான். ஆனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இல்லை.

எழுந்தாள். காலிப் பாயைத் தாண்டிப் போய், ஜீவரத்தினத்தின் முன்னால் மண்டியிட்டு, மடியிலிருந்த கைகளை எடுத்துப் பொத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். காந்தாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அதற்குப் பொருள். காந்தாவுக்கு அவமானமாக இருந்தது.

கையை எடுக்கப் போனாள். ஜீவரத்தினம் விடவில்லை. பேசக் கூடாத நேரத்தில் குனிந்து, அவள் காதோரம் பேசினாள்.

"நாடகத்து அன்னிக்கி ராத்திரியே அவரு வந்து சொன்னாரு காந்தா, புள்ள ஒடம்பு அனலா கொதிக்குதுன்னு. அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரிஞ்சும் நாங்க யாருகிட்டயும் வாய தொறக்கல. இன்னும் எத்தினி நாளைக்கு அவள ஒளிச்சு வெச்சிக்கினு இருப்ப? அடுத்த வாரம் கூட்டிக்கினு வாம்மா. தழும்பு இருந்தா என்னா? எனக்குந்தான் இருக்குது."

போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

காந்தா தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கடைசிப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.