ஒரு தப்புகூட இல்லை

அவன் எழுதும் புரோகிராமில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் மேலாளருக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைக்கு என்னவோ முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு வருஷத்துல முதல் தடவையா உன் புரோகிராம்ல ஒரு தப்புகூட இல்லப்பா!"

அவன் பதறி எழுந்தான். "சார், முழுசா பாத்தீங்களா?"

"வரி வரியா பாத்தேன். நம்மகிட்ட வாங்கற நாப்பது ஆஸ்பத்திரிக்கும் காலையிலயே அனுப்பிட்டேன். எல்லாரும் கைதட்டுங்க!"

அவன் கண்கள் கலங்கின.

"பாராட்டினா அழறான் பாரு," என்று தோளில் தட்டினார்.

அவர் கண்டுபிடித்துத் திருப்தியடையட்டும் என்று ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்துத்தான் கொடுப்பான். இந்தத் தடவை, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியட்டுமென்று, 'சேமி' பட்டனை அழுத்தினால் நோயாளியின் விவரமெல்லாம் அழிந்துபோகும்படி வைத்திருந்தான்.

கைதட்டல் ஓய்வதற்குள் மேலாளர் மேஜையில் போன் அடித்தது.